ஆண் கன்னத்தின் கோடு: ஊசி, சிலிக்கோன், ரம்பம்

"கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே, ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?" விடுமுறைக்கு ஊர் வரும் பையனிடம் நம் வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி இது. கன்னம் டொக்கு விழுந்திருந்தால் நோயோ கடனோ காதல் தோல்வியோ ஏதோ ஒன்று பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். அதே ஒட்டிய கன்னத்தையும், அதன்மேல் துருத்தி நிற்கும் எலும்பையும் பணம் கட்டி வாங்கும் ஆசை இப்போது இளைஞர்களிடம் வந்திருக்கிறது. சினிமா நடிகரின் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, "டாக்டர், எனக்கு இந்தக் கோடு வேணும்" என்கிறார்கள்.

இந்த ஆசையைக் கேலி செய்வது சுலபம். ஆனால் கேட்பவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்களுக்கு அது கடினமான கேள்வி. ஊசியில் தொடங்கி எலும்பை ரம்பத்தால் அறுப்பது வரை வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் என்ன செய்கிறது, தவறினால் திரும்பி வர முடியுமா என்று பார்த்துக்கொண்டே போனால் ஒரு சங்கதி மறுபடி மறுபடி முன்னால் வந்து நிற்கிறது. உடைந்த கன்னத்தைச் சரிசெய்யும் வித்தை பெரும்பாலும் ஆண்களின் முகத்தில் வளர்ந்தது. அழகுக்காகக் கன்னத்தை எடுப்பாக்கும் வித்தையோ பெரும்பாலும் பெண்களின் முகத்தில் வளர்ந்தது. ஆண் கேட்பது இரண்டாவதை. அவனுக்கென்று தனி அளவுகோல் வைத்திருக்கும் மருத்துவர்கள் குறைவு. ஏமாற்றங்களில் பாதி இங்கிருந்துதான் வருகின்றன என்பது என் எண்ணம்.

முதலில் எலும்பு. விரலால் தொட்டுக் காட்டும் கன்ன எலும்புக்கு இரண்டு பகுதிகள். கண்ணுக்குக் கீழே சற்று வெளிப்பக்கமாகப் புடைத்திருப்பது அதன் உடல். அங்கிருந்து காதை நோக்கி ஓடும் மெல்லிய பாலம் அதன் வளைவு. எலும்பின் மேல் கொழுப்பு சிறுசிறு அறைகளாக அமர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே, மெல்லும் தசைக்கு முன்னால், கன்னத்தின் உட்குழிவில் தனியாக ஒரு கொழுப்பு உருண்டை. பிஷா என்ற பிரெஞ்சு உடற்கூறியலாளரின் பெயரால் அது அறியப்படுகிறது. அவருக்கு முன்பே, 1732-இல், ஹைஸ்டர் என்ற ஜெர்மன் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சுரப்பி என்று எழுதிவைத்துப் போனார்.

நாம் "கோடு" என்று சொல்வது எலும்பிலும் இல்லை, கொழுப்பிலும் இல்லை. மேட்டில் வெளிச்சமும் பள்ளத்தில் நிழலும் விழுகின்றன. இரண்டுக்கும் நடுவே கண் காணும் எல்லைதான் கோடு. ஆகவே மேட்டை உயர்த்தலாம், அல்லது பள்ளத்தை ஆழமாக்கலாம். கிளினிக்கின் விலைப்பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதில் இருப்பவை இந்த இரண்டின் வகைகளே.

மேட்டை எங்கே உயர்த்துவது என்பதில்தான் ஆணும் பெண்ணும் பிரிகிறார்கள். மெக்சிகோவின் கொன்சாலஸ் உல்லோவா 1974-இலும், மாட்ரிட்டின் உல்ரிச் ஹிண்டரர் 1975-இலும் கன்னத்தில் செயற்கைப் பொருள் வைத்து எடுப்பாக்கும் முறைகளை எழுதினார்கள். இடம் குறிக்க ஹிண்டரர் சொன்ன வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கண்ணின் வெளிமூலையிலிருந்து வாயின் மூலைக்கு ஒரு கோடு, மூக்கின் மடலிலிருந்து காதுத்துளைக்கு முன்னிருக்கும் குருத்தெலும்புக்கு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும்போது கிடைக்கும் நான்கு பாகங்களில் மேல்-வெளிப்பாகம்தான் புடைப்பின் இடம். இந்த அளவுகள் எல்லாம் முக இளமையாக்கச் சிகிச்சைக்கு வந்தவர்களை மனத்தில் வைத்துப் பிறந்தவை. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

பெண் கன்னத்தின் அழகாகப் பாடநூல்கள் சொல்வது, முக்கால் பக்கமாகத் திரும்பும்போது தெரியும் நெளிவு: மேலே உருண்டு புடைத்து, கீழே மென்மையாக உள்வாங்கும். ஆணின் கன்னத்தில் அந்த நெளிவு தட்டையாக இருக்க வேண்டும். புடைப்பு முன்பக்கம் உருளாமல் காதை நோக்கிப் பக்கவாட்டில் நீளவேண்டும். வளைவின் அகலம் தெரியவேண்டும். ஊசியால் ஏற்றும் ஜெல் முன்கன்னத்தில் இரண்டு மில்லி அதிகமானால் முகம் கூர்மையாவதற்குப் பதில் மொழுமொழுவென்று ஆகிவிடும். இதை நிரூபிக்கத் தனி ஆய்வு தேவையில்லை. சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் ஔஸ்டர்ஹௌட் 1980-களில் தொடங்கிவைத்த முகப் பெண்மையாக்க அறுவை சிகிச்சை இன்று ஒரு தனித் துறை. திருநங்கையரின் நெற்றி எலும்பைக் குறைத்து, தாடையைச் செதுக்கி, கன்னத்துக்கு மட்டும் பருமன் கூட்டுகிறார்கள். ஒரு கிளினிக்கில் முகத்தைப் பெண்மையாக்கச் செய்யும் வேலையைப் பக்கத்துக் கிளினிக்கில் "மாடல் லுக்" என்று ஆண்களுக்கு விற்றால் விளைவு எப்படி இருக்கும்?

கேட்டு வருபவர் கையில் வைத்திருக்கும் ஆதாரத்தையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். முகத்திலிருந்து 12 அங்குலத்தில் எடுக்கும் செல்ஃபியில் ஆணின் மூக்கு, 5 அடி தள்ளி எடுத்த படத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்காவில் போரிஸ் பாஸ்கோவரும் உடனிருந்தவர்களும் கணக்கிட்டார்கள். நடுமுகம் பெரிதாகும்போது பக்கங்கள் பின்வாங்கிப் போகும். கன்ன எலும்பின் அகலமே பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே கையை நீட்டி எடுத்த படத்தில் எந்த ஆணுக்கும் கன்னம் ஒடுங்கித்தான் தெரியும். நல்ல மருத்துவர் முதலில் செய்வது, தள்ளி நின்று நேராகவும் இருபக்கமும் முக்கால் பக்கமுமாகப் படமெடுப்பது. பாதிப் பேருக்கு அந்தப் படமே சிகிச்சையாக அமைந்துவிடலாம்.

மீதிப் பேரில் சிலருக்கு உண்மையாகவே ஏதோ குறைந்திருக்கும். நம் ஊரில் அதற்கு முதல் காரணம் இருசக்கர வாகனம். ஹெல்மெட் இல்லாமலோ, வாரைப் பூட்டாமலோ விழுபவர்களின் முகத்தில் அதிகம் உடையும் எலும்புகளில் கன்ன எலும்பும் ஒன்று. உடைந்த முதல் சில நாட்கள் வீக்கம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். கண் சிவந்திருக்கும், கன்னமும் மேலுதடும் மரத்திருக்கும், வாயை முழுதாகத் திறக்க வராது. வீக்கம் வடிந்தபின் பார்த்தால் ஒரு பக்கம் தட்டையாகிக் கிடக்கும். சரியான காலத்தில் வந்தால் வேலை எளிது. 1927-இல் லண்டனின் ஹெரால்ட் கில்லீஸும் அவருடைய சகாக்களும் எழுதிய முறை இன்றும் நடப்பிலிருக்கிறது. நெற்றிப்பொட்டுக்கு மேலே முடிக்குள் சிறு கீறல். தசையை மூடியிருக்கும் உறைக்கு அடியில் ஒரு நெம்புகோலை வளைவுக்குக் கீழே கொண்டுபோய் நெம்பினால், எலும்பு தன் இடத்தில் உட்காரும் சத்தம் சுற்றி நிற்பவர்களுக்கே கேட்கும். பெரிய முறிவு என்றால் டைட்டானியத் தகடும் திருகும். சில வாரங்கள் தாமதித்தால் எலும்பு கோணலாகவே கூடிவிடும். பிறகு அதை மறுபடி வெட்டவேண்டும், அல்லது பள்ளத்தை நிரப்பவேண்டும்.

முதல் உலகப்போரில் முகம் சிதைந்த சிப்பாய்களை சிட்கப் மருத்துவமனையில் சீர்செய்துதான் கில்லீஸ் பேரெடுத்தார். ஆண் முகத்தின் எலும்பை மருத்துவம் நெருங்கிப் பழகியது போர்க்களத்திலும் விபத்து வார்டிலும்தான். விபத்து அறுவை சிகிச்சையில் பழகிய கைக்கு, இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் ஒரு முகத்தை என்ன செய்யும் என்பது தெரியும்.

இரண்டாவது காரணம் பிறவிக்குறை. உதடு, அண்ணப் பிளவோடு பிறந்து சிறுவயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருக்கு மேல்தாடை போதுமான அளவு வளராமல் நடுமுகம் முழுக்க உள்வாங்கியிருக்கும். அவர்களுக்குக் கன்னத்தில் ஊசி போடுவது மூலத்தை விட்டுவிட்டு நிழலைத் துரத்தும் வேலை. மேல்தாடையையே வெட்டி முன்னால் நகர்த்த வேண்டும். ஆனால் வழக்கமான தாடை அறுவை சிகிச்சையின் வெட்டு கன்ன எலும்புக்குக் கீழே போகிறது. பல்வரிசையும் மூக்கின் அடியும் முன்னால் வரும். கன்னம் பழைய இடத்திலேயே நிற்கும். இது முன்கூட்டியே தெரியாமல், தாடைச் சிகிச்சையிலேயே கன்னமும் வந்துவிடும் என்று நம்பி ஏமாறுபவர்கள் உண்டு.

மூன்றாவது ஒரு கூட்டத்தைத் தமிழ்நாடு மறந்துவிடக் கூடாது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவால். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது அதை முதலில் பெற்ற மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது. அன்றைய மருந்துகளில் ஸ்டாவுடின் முக்கியமானது. உயிரைக் காத்தது, கூடவே பலருக்குக் கன்னக் கொழுப்பை அரித்தது. மருந்து எடுப்பதை மறைத்து வாழ்ந்தவர்களைக் கன்னக்குழி காட்டிக்கொடுத்தது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைக் கைவிடச் சொன்னது. இன்று அழகு நிலையங்களில் "கொலாஜன் தூண்டி" என்று விற்கப்படும் ஸ்கல்ப்ட்ரா என்ற ஊசியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004-இல் அனுமதித்ததே இந்த எச்.ஐ.வி. கன்னக்குழிக்காகத்தான். ஆண்களின் கன்னம் சிகிச்சையின் மையத்துக்கு வந்த சொற்பச் சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

இனி வழிகள். இப்போது அதிகம் விற்பது ஃபில்லர். உடலில் இயல்பாகவே இருக்கும் ஹயலூரோனிக் அமிலத்தை ஜெல்லாக்கி, 1 மில்லி குழலில் அடைத்து வருகிறது. கன்னத்துக்கென்று எஃப்.டி.ஏ. அனுமதி பெற்ற முதல் ஜெல் ஜுவடெர்ம் வொலுமா, ஆண்டு 2013. மருத்துவர் எலும்பைத் தொடும்வரை ஊசியை இறக்கி, எலும்புக்கு மேலேயே சிறு பொட்டாக வைப்பார். அல்லது முனை மழுங்கிய நீண்ட ஊசியை ஒரே துளை வழியாக நுழைத்து வளைவின் நெடுகப் பரப்புவார். அரைமணி நேரத்தில் எழுந்து வேலைக்குப் போகலாம். பிரேசிலின் மவுரிசியோ டி மாயோ முகத்தைக் குறியீட்டுப் புள்ளிகளாகப் பிரித்து எந்தப் புள்ளியில் எவ்வளவு என்று வகுத்திருக்கிறார். பயிற்சி வகுப்புகளில் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆணுக்குப் பயன்படுவது அந்தப் புள்ளிகளில் வெளியே, வளைவின்மேல் இருப்பவை. முன்கன்னப் புள்ளியை மிகவும் சிக்கனமாகத் தொடவேண்டும்.

ஃபில்லரின் பெரிய பலம், பிடிக்காவிட்டால் ஹயலூரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம். நிரந்தரமான எதையும் செய்வதற்கு முன் ஓர் ஒத்திகையாக இதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் நினைப்பதற்குக் காரணமும் அதுதான். ஒன்று முதல் இரண்டு ஆண்டு நிற்கும் என்கிறார்கள். ஆனால் பல ஆண்டுகள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களிலும் ஜெல் மிச்சமிருந்ததைக் காட்டும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. வடிவம் மங்குவதை ஜெல் தீர்ந்ததாக எடுத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொண்டே போனால், நாற்பது வயதில் முகம் உப்பிய தலையணையாக வந்து நிற்கும்.

அபாயத்தைச் சொல்லாமல் இந்த ஊசியைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. முகத்தின் ரத்தக்குழாய்கள் சில கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்திருக்கின்றன. ஜெல் குழாய்க்குள் புகுந்து அழுத்தத்தில் பின்னோக்கி ஓடிப் பிறகு விழித்திரைக் குழாயை அடைத்தால் பார்வை போய்விடும். 2015-இல் கேட்டி பெலஸ்னேயும் குழுவினரும் உலகம் முழுவதிலும் வெளியான 98 பார்வைப் பாதிப்புகளைத் தொகுத்தார்கள். புருவங்களுக்கு நடுவிலும் மூக்கிலும் போட்டவைதான் அதிகம். கன்னம் அவற்றைவிடப் பாதுகாப்பான இடம், முழுப் பாதுகாப்பான இடமில்லை. ரத்தமில்லாமல் விழித்திரை தாங்குவது ஒன்று ஒன்றரை மணி நேரம். ஊசி போடும்போதே தோல் வெளிறினாலோ, வலைபோல நீலம் படர்ந்தாலோ, தாங்கமுடியாமல் வலித்தாலோ அந்த அறையிலேயே நொதி மருந்து இருக்கவேண்டும். "ஹயலூரோனிடேஸ் ஸ்டாக் இருக்கா?" என்பது கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி. பார்லரில் போடுகிறார்கள், தோழியின் அக்கா போடுகிறார் என்பதெல்லாம் பேச்சுக்கே இடமில்லாதவை.

கால்சியம் சேர்ந்த ரேடியஸ், மேலே சொன்ன ஸ்கல்ப்ட்ரா இரண்டுக்கும் இந்த நொதி வேலை செய்யாது. நிரந்தர ஊசிகளின் வரலாறோ அதைவிட மோசம். வியன்னாவில் ராபர்ட் கெர்சூனி 1899-இல் வாசலினைச் செலுத்தித் தொடங்கிவைத்தார்; முதல் நோயாளி, விதைப்பை காலியான ஓர் ஆண். பிறகு முகங்களில் பாரஃபின் ஏற்றி, அது கட்டிகட்டியாக இறுகி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. சீனா பாலிஅக்ரிலமைட் ஜெல்லை 2006-இல் தடைசெய்தது. திரவ சிலிக்கோனை அழகுக்காக ஊசியாகப் போட எஃப்.டி.ஏ. ஒருபோதும் அனுமதித்ததில்லை. "ஒருமுறை போட்டால் போதும், வாழ்நாளுக்கும்" என்று யாராவது ஊசியைக் காட்டினால் எழுந்து வந்துவிடலாம்.

வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ சொந்தக் கொழுப்பை உறிஞ்சிக் கன்னத்தில் வைப்பதும் பழைய யோசனைதான். ஜெர்மனியின் நாய்பர் 1893-இல் கைக்கொழுப்பை முகக்குழிவில் வைத்தார். கொழுப்பைச் சுத்திகரித்து மெல்லிய துளிகளாக வைக்கும் இன்றைய முறையை நியூயார்க்கின் சிட்னி கோல்மன் 1990-களில் செம்மைப்படுத்தினார். வைத்ததில் எவ்வளவு பிழைக்கும் என்பது ஆளுக்கு ஆள், மருத்துவருக்கு மருத்துவர் மாறும். எடை கூடினால் கன்னமும் கூடும். கூர்மை தேடும் ஆணுக்குக் கொழுப்பு மென்மையைத்தான் தரும் என்பதால் இது அவனுக்கு முதல் தேர்வாக இருக்க முடியாது. எச்.ஐ.வி. மருந்தாலோ கடும் எடையிழப்பாலோ குழிந்த கன்னத்துக்கு நல்லது. மேலே சொன்ன 98 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பார்வை பாதித்தது ஜெல்லால் அல்ல, இந்தக் கொழுப்பால். "சொந்தக் கொழுப்புதானே" என்ற நிம்மதி அந்த வகையில் பொய்யானது. குழாயை அடைத்துவிட்டால் அதைக் கரைக்க நொதியும் கிடையாது.

எலும்பின் கோடு எலும்பிலிருந்து வரவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இம்ப்ளான்ட். சிலிக்கோன், துளைகள் நிறைந்த பாலிஎத்திலீன், பீக் என்ற கடின பிளாஸ்டிக் என்று பொருட்கள் பல. அறுவை சிகிச்சை பெரும்பாலும் வாய்க்குள்ளேயே நடக்கிறது. முழு மயக்கத்தில், மேலுதட்டை விலக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறும் கன்னமும் சேரும் மடிப்பில் ஓரிரு சென்டிமீட்டர் கீறுவார்கள். எலும்பின் மேலிருக்கும் மெல்லிய உறையைத் தட்டையான கருவியால் எலும்பிலிருந்தே உரித்து மேல்நோக்கிப் போவார்கள். கண்குழியின் விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்ளாக, மேலுதட்டுக்கும் பற்களுக்கும் உணர்வு தரும் நரம்பு எலும்பிலிருந்து வெளியே வருகிறது. அதன்மேல் கருவி படாமல் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் பைபோல இடம் செய்வதில்தான் கைத்திறன். பை பெரிதானால் இம்ப்ளான்ட் நகரும். சிறிதானால் ஓரம் மடங்கித் தோலுக்கு அடியில் தட்டுப்படும். பொருளை மருந்து நீரில் நனைத்து உள்ளே செருகி, திருகு ஒன்றோ இரண்டோ வைத்து எலும்போடு பிணைத்து, தானே கரையும் நூலால் தைத்துவிடுவார்கள். முகத்தில் தழும்பில்லை என்பது இந்த வழியின் சிறப்பு. மாநிறமும் கறுப்புமான நம் தோலில் வெளிக்கீறல்கள் கருத்தும் தடித்தும் போகும் வாய்ப்பு கூடுதல் என்பதால் நமக்கு அது சிறிய விஷயமில்லை.

வீடு வந்தபின் ஒரு வாரம் கஞ்சியும் குழைந்த ரசம் சாதமும். ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் மருந்து நீரில் வாய் கொப்பளிப்பு. புகை பிடிக்கக் கூடாது. பிடித்தால் காயம் ஆறாமல் வாய்க்கிருமி உள்ளே இறங்க வழி செய்கிறோம். முதல் வாரத்துக் கண்ணாடியை நம்ப வேண்டாம். மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் உண்மையான வடிவம் தெரியும். தொற்று, ஒரு பக்கம் மேலே மறுபக்கம் கீழே என்று ஆவது, மேலுதடு மரத்துப்போவது ஆகியவை எல்லா மருத்துவருக்கும் நேரும் சிக்கல்கள். வழவழப்பான சிலிக்கோனை வெளியே எடுப்பது எளிது. துளைகளுள்ள பாலிஎத்திலீனுக்குள் சதை வளர்ந்து ஊடுருவிவிடும். அதனால் அசையாது, அதனாலேயே எடுப்பதும் கஷ்டம். விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள்.

அளவுகளிலும் ஆணுக்கு ஒரு சங்கடம் உண்டு. தயாராக வரும் வடிவங்களில் பல, முன்கன்னத்தையும் கன்னத்தின் கீழ்க்குழிவையும் நிரப்புவதற்கு ஏற்றவை. பக்கவாட்டு வளைவுவரை நீளும் வடிவம் தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுத்து அந்த மண்டையோட்டின் மேலேயே கணினியில் வரைந்து தனியாகச் செய்வது நல்லது. செலவு கூடும். இரண்டு பக்கமும் பிறவியிலேயே சமமில்லாதவர்களுக்கும், பழைய முறிவு உள்ளவர்களுக்கும் அந்தக் கூடுதல் செலவு வீண் அல்ல.

எதையும் உள்ளே வைக்காமல் சொந்த எலும்பையே வெட்டி வெளியே திறந்து வைப்பது இன்னொரு வழி. பெல்ஜியத்தின் மோரிஸ் மொம்மார்ட்ஸ் 1990-களில் இதைப் பரப்பினார். வாய்வழியாகக் கன்ன எலும்பின் உடலை மேலிருந்து கீழாக அறுத்து, வளைவைக் கீல்போல வெளியே விரித்து, இடைவெளியில் ஒரு கட்டையைச் செருகுவது. ஆண்கள் கேட்கும் பக்கவாட்டு அகலத்தைக் கச்சிதமாகத் தருவது இதுதான். அதே நேரம் இதை அடிக்கடி செய்து தேர்ந்த கைகள் குறைவு. அறுத்த எலும்பை அறுக்காததாக ஆக்கமுடியாது என்பதையும் யோசிக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், கிழக்கு ஆசியாவில் இதே ரம்பம் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஜப்பானின் ஒனிசுகா 1983-இலும் கொரியாவின் யாங், பார்க் இருவரும் 1992-இலும் கன்ன எலும்பைக் குறைக்கும் முறைகளை எழுதினார்கள். சியோலில் அது இன்று அன்றாட அறுவை சிகிச்சை. அகன்ற கன்னம் அங்கே முரட்டுத்தனமாகவும் வயதானதாகவும் பார்க்கப்படுகிறது. காதருகே கிருதாவுக்குள் சிறு கீறல், வாய்க்குள் ஒரு கீறல், எலும்பை அறுத்து உள்ளே தள்ளித் தகடு வைத்தால் முகம் ஒடுங்கும். சரியாகக் கூடாத எலும்பு, பிடிப்பு விட்டுத் தொங்கும் கன்னச்சதை என்று அந்த அறுவை சிகிச்சைக்கும் தன் பங்குச் சிக்கல்கள் உண்டு. ஆக, ஒரு நாட்டு ஆண் வெளியே இழுக்கப் பணம் கொடுக்கும் எலும்பை இன்னொரு நாட்டு ஆண் உள்ளே தள்ளப் பணம் கொடுக்கிறான்.

பள்ளத்தை ஆழமாக்கும் பக்கத்தில் முக்கியமானது பிஷாவின் கொழுப்பு உருண்டையை எடுப்பது. கன்னத்தின் உள்பக்கம் சிறு கீறல், மெல்ல அழுத்தினால் மஞ்சள் உருண்டை தானாகப் பிதுங்கி வரும், ஒரு பகுதியை வெட்டிவிட்டுத் தையல். ஒவ்வொரு பக்கமும் மொத்தமே 10 மில்லி அளவுதான். உள்ளூர் மயக்கம் போதும், அரைமணி நேரம் போதும் என்பதால் 2022 வாக்கில் சமூக வலைத்தளங்களில் இது காட்டுத்தீயாகப் பரவியது. எனக்கு இதில் சிறிதும் உற்சாகமில்லை. இருபத்தைந்து வயதில் முகம் உருண்டையாக இருப்பவனுக்கு எடுப்பாகத் தெரியும் குழிவு, ஐம்பதில் எலும்பும் தேய்ந்து கொழுப்பும் இறங்கியபின் நோயாளிக் களையாகலாம். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. தொடைக்கொழுப்பால் நிரப்பலாம், அது வேறு பொருள். உமிழ்நீர்க் குழாயும் முக நரம்பின் கிளையும் பக்கத்திலேயே ஓடுகின்றன. எடை நிலையாகி, வயது முப்பதைத் தொட்டும் கன்னம் மட்டும் பொதுமிக் கிடக்கும் ஒரு சிலருக்கு இது பொருந்தலாம். அதற்கு முன் ஐந்தாறு கிலோ குறைத்துப் பார்ப்பவர்களில் பலர் இந்தக் கேள்வியையே மறந்துவிடுவார்கள்.

மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம். கரையும் நூல்களை வைத்துக் கன்னத்தைத் தூக்குவது சில மாதத்து வேலை. மெல்லும் தசையில் போட்டாக்ஸ் போட்டால் தாடை ஒடுங்கி, ஒப்பீட்டில் கன்னம் அகலமாகத் தெரியும். தாடை அகலமே ஆணுக்கு அழகு என்று நினைப்பவர்களுக்கு அது நட்டம். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி வைத்திருந்தால் எலும்பு வளரும் என்கிற "மியூயிங்", பிரிட்டனின் ஜான் மியூ, மைக் மியூ என்ற தந்தை-மகன் வழியாகப் பரவியது. அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் 2024-இல் வெளிப்படையாகவே சொன்னது. இன்னும் ஒருபடி மேலே போய், சுத்தியலால் கன்னத்தைத் தட்டினால் எலும்பு தடிக்கும் என்று சில பையன்கள் நம்புகிறார்கள். சுமைக்கேற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் சொன்னதை இவர்கள் அடிவாங்குவதற்கான அனுமதியாகப் படித்துக்கொண்டார்கள். கிடைப்பது வீக்கமும் முறிவும், கண் தப்பினால் அதிர்ஷ்டமும்.

சுத்தியல் வரை போகும் மனநிலையை அசட்டுத்தனம் என்று தள்ளிவிடவும் கூடாது. இல்லாத குறையை, அல்லது எறும்பளவு குறையை, நாளெல்லாம் கண்ணாடியில் பார்த்து மாய்ந்துபோவது உடல்தோற்றக் கோளாறு என்ற தனி நோய். டேவிட் வீல் குழுவினர் 2016-இல் ஆய்வுகளைத் தொகுத்தபோது, பொதுமக்களில் அது 1.9 சதவீதமும் அழகு அறுவை சிகிச்சைக்கு வருவோரில் 13.2 சதவீதமுமாக இருந்தது. இவர்களுக்குக் கத்தி ஆறுதல் தராது. ஒரு கன்னம் சரியானால் மறு கன்னம் உறுத்தும். அமெரிக்கச் சர்ஜன் மார்க் கோர்னி அந்தக் காலத்தில் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து "சைமன்" என்று ஓர் எச்சரிக்கைச் சொல் உருவாக்கினார்: தனியாள், முதிர்ச்சியில்லாதவன், ஆண், எதிர்பார்ப்பு மிகுந்தவன், தன்மேல் மயக்கம் கொண்டவன். ஆண் என்பதையே சந்தேகத்துக்குரிய அடையாளமாகச் சேர்த்தது இன்று அநியாயமாகப் படுகிறது. எதிர்பார்ப்பு பற்றிய பகுதி மட்டும் இன்றும் செல்லும். "இது சரியானால் எனக்குக் கல்யாணம் ஆகிவிடும்" என்று ஒருவன் சொன்னால், அறுவை சிகிச்சைத் தேதி தருவதற்கு முன் மனநல மருத்துவரிடம் அனுப்பும் சர்ஜன்தான் பொறுப்பானவர்.

இந்தியாவில் இந்த வேலைகளை யார் செய்யலாம் என்பதில் பிளாஸ்டிக் சர்ஜன்கள், முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணர்கள், தோல் மருத்துவர்கள் மூவருக்கும் இழுபறி ஓயவில்லை. என்னைக் கேட்டால் பட்டத்தைவிட எலும்போடு உள்ள பழக்கத்தைப் பார்க்கலாம். ஊசிக்குத் தேர்ந்த தோல் மருத்துவர் போதும். இம்ப்ளான்ட்டும் ரம்பமும் முகமுறிவு வார்டில் வருடக்கணக்கில் நின்றவர்களின் வேலை.

வரிச்சட்டம் ஒரு கோடு போட்டுவைத்திருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஆனால் அழகு அறுவை சிகிச்சைக்கு உண்டு. பிறவிக்குறை, விபத்து, காயம் இவற்றால் கெட்டதைச் சீரமைத்தால் விலக்கு. பைக்கிலிருந்து விழுந்து தட்டையான கன்னமும், செல்ஃபியில் தட்டையாகத் தெரியும் கன்னமும் ஒரே மேசையில் ஒரே இம்ப்ளான்ட்டைப் பெறலாம். ரசீது வேறாக வரும். பழைய முறிவு உள்ளவர்கள் விபத்துக் காலத்து ஸ்கேனையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துப் போவது நல்லது.

மருத்துவரிடம் முன்-பின் படங்களைக் கேட்கும்போது ஆண் நோயாளிகளின் படங்களை, அதுவும் ஓராண்டு கழித்து எடுத்ததை, ஒரே தூரத்தில் ஒரே விளக்கில் எடுத்ததைக் கேட்கவேண்டும். ஆல்பம் முழுக்கப் பெண்களாக இருந்தால் உங்கள் முகம் அவருக்குப் பயிற்சிக் களம். இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட பிறகும் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்: என்ன பொருள், எந்த அளவு, எத்தனை திருகு. பத்து வருடம் கழித்து மேல் கடைவாய்ப்பல்லில் சீழ் கட்டி வேறு ஊரில் ஒரு பல் டாக்டரின் நாற்காலியில் உட்காரும்போது, அந்த வேருக்கு மேலே என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.